எவரெஸ்ட் பயணத்துக்குப் பணம் கொடுக்கலாமா?

#1 சேகர்_ஈரோடு

வணக்கம். மலையேற்றம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

என் அக்கா மகனுக்கு 26 வயது. உத்தரகாசியில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு லாகுல் பக்கம் 6,000 மீட்டர் சிகரம் ஒன்றை ஏறிவிட்டு வந்தான். இப்போது எவரெஸ்ட் என்கிறான். காட்மாண்டுவில் ஒரு நிறுவனம் கிட்டத்தட்ட 40 லட்சம் கேட்கிறது. சொந்தக்காரர்கள், அவன் படித்த கல்லூரி, ஊரில் இருக்கும் மில் முதலாளிகள் என்று எல்லோரிடமும் போய் நிற்கிறான். என்னிடம் இரண்டு லட்சம் கேட்டான்.

பணம் இருக்கிறது. பிள்ளையும் நல்ல பிள்ளை. ஆனால் உச்சிக்குக் கீழே ரேஷன் கடை மாதிரி ஆட்கள் வரிசையில் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனது ஒப்பவில்லை. அவன் உயிரை நினைத்து ஒரு பயம். அது போக இன்னொரு உறுத்தலும் இருக்கிறது, என்னவென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொடுக்கலாமா?

#2 பனிமுகடு

கொடுக்காதீர்கள் அண்ணா.

நீங்கள் சொல்லும் படம் 2019 மே 22 அன்று நிர்மல் புர்ஜா எடுத்தது. அந்தப் பருவத்தில் மலையின் இரண்டு பக்கமும் சேர்த்து 11 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்தாவது குறைப்பார்கள் என்று நினைத்தோம். 2023இல் நேபாளம் 478 பேருக்கு அனுமதி கொடுத்தது. 1985இல் டிக் பாஸ் என்ற டெக்சாஸ் தொழிலதிபர் 55 வயதில் தேர்ந்த ஏறுநர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உச்சிக்குப் போனார். பணமும் உடம்பில் தெம்பும் இருந்தால் போதும் என்ற எண்ணம் அப்போதுதான் வேர்விட்டது. பத்து வருடத்தில் அது ஒரு தொழிலாகிவிட்டது. 1996 மே மாதம் ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். பெயர்பெற்ற இரண்டு வழிகாட்டிகள், ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும், அதில் போனார்கள். அதற்கு அப்புறம் வியாபாரம் குறையவில்லை, கூடியது.

மலையை ஏறாமல் விடுவதும் மனிதர்களால் முடிகிற காரியம்தான். 1955இல் காஞ்சன்ஜங்காவை முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். சிகரத்தின் உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கு. அங்கே உச்சியில் யாரும் நின்று பார்க்கவில்லை, ஆனாலும் காப்பாற்றினார்கள். பூட்டான் 1994இல் 6,000 மீட்டருக்கு மேல் ஏறுவதைத் தடுத்தது, 2003இல் மலையேற்றத்தையே நிறுத்தியது. அங்கே இருக்கும் கங்கர் புவென்சும் 7,570 மீட்டர். இன்றுவரை மனிதக் கால் படாத மலைகளில் அதுதான் மிக உயரம். கயிலாயத்தையும் யாரும் ஏறவில்லை.

எவரெஸ்டுக்குத் திபெத்திய மொழியில் சோமோலுங்மா என்று பெயர். மலையடிவாரத்தில் வாழும் ஷெர்பா மக்களுக்கு அது மியோலாங்சாங்மா என்ற தேவதை குடியிருக்கும் இடம். என்னைக் கேட்டால் பத்து வருடமாவது மூடிவைக்க வேண்டும்.

#3 நாம்சே_நாட்கள்

பனிமுகடு தம்பி, மலை மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை புரிகிறது. ஆனால் மூடினால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்றும் யோசிக்க வேண்டும்.

நான் காட்மாண்டுவில் ஒரு பயண நிறுவனத்தில் ஏழு வருடம் கணக்கு எழுதினேன். எவரெஸ்ட் அடிவாரத்தில் ஷெர்பாக்கள் வாழும் கும்பு பகுதிக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஷெர்பாக்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள், யாக் வளர்த்தார்கள், நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்தோடு உப்பும் தானியமும் மாற்றினார்கள். திபெத் சீனாவின் பிடிக்குள் போனதும் அந்த வியாபாரம் நொடித்துவிட்டது. மலையேற்றமும் சுற்றுலாவும் வந்துதான் அந்த மக்கள் நிமிர்ந்தார்கள். கும்ஜுங்கில் 1961இல் ஹிலாரி கட்டிக்கொடுத்த பள்ளியில் படித்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று விமானம் ஓட்டுகிறார்கள், மருத்துவம் பார்க்கிறார்கள். முன்பு வெள்ளைக்காரர்களின் நிறுவனங்களில் கூலிக்கு இருந்தவர்கள் இப்போது சொந்த நிறுவனம் நடத்துகிறார்கள். இதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

ஆனால் சேகர் சார், உங்கள் உறுத்தல் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அடிவார முகாமுக்கு மேலே கும்பு ஐஸ்ஃபால் என்று ஒரு இடம். பனியாறு செங்குத்தாக இறங்கும்போது உடைந்து, வீடு அளவுக்குப் பனிப்பாளங்கள் சரிந்து கிடக்கும். எப்போது எது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏணியும் கயிறும் போட்டு வழி அமைக்க ஐஸ்ஃபால் டாக்டர்கள் என்று ஒரு குழு இருக்கிறது. எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். பணம் கட்டி வருபவர் அதை எத்தனை முறை கடப்பார்? இப்போதெல்லாம் உடம்பைப் பழக்குவதற்குப் பக்கத்தில் லொபுசே மாதிரி சின்ன மலையில் ஏற்றிவிடுகிறார்கள், அதனால் ஐஸ்ஃபாலை இரண்டு மூன்று முறை கடந்தால் போதும். அவருடைய கூடாரம், சமையல் எரிவாயு, சாப்பாடு, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோகும் ஆள் ஒரே பருவத்தில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கிறார், பெரும்பாலும் இருட்டில், முதுகில் சுமையோடு.

2014 ஏப்ரல் 18 காலையில் அங்கே பனிச்சரிவு இறங்கியது. 16 பேர். அத்தனை பேரும் நேபாளித் தொழிலாளிகள், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கூட இல்லை. மூன்று பேரின் உடல் கிடைக்கவே இல்லை. குடும்பத்துக்கு உடனடி உதவியாக அரசாங்கம் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 25,000. ஒரு வாடிக்கையாளர் பயன்படுத்தும் ஆக்சிஜன் செலவுக்குக் கூட வராது. ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்த வருடம் தென்பக்கத்தில் வேலையை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் 10 லட்சமாக இருந்த கட்டாயக் காப்பீடு 15 லட்சம் நேபாள ரூபாய் ஆனது.

நான் எழுதிய கணக்கிலேயே அது தெரியும். வாடிக்கையாளருக்கு ஹெலிகாப்டர் மீட்போடு சேர்த்துப் பெரிய காப்பீடு இருக்க வேண்டும், அந்தத் தாள் வராமல் அவரை மேலே அனுப்ப மாட்டார்கள். கூட ஏறுபவருக்குச் சட்டம் எவ்வளவு சொன்னதோ அவ்வளவுதான், ஒரு ரூபாய் கூடாது. அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று பதில் வந்தது. நான் மேலே கேட்கவில்லை. அது இன்னமும் மனதில் கிடக்கிறது.

#4 பனிமுகடு

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு மூட வேண்டும் என்றுதான் இன்னும் அதிகமாகத் தோன்றுகிறது.

#5 டாக்டர்_மீனா

லடாக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒரு விஷயம் மட்டும். "செத்துக்கொண்டிருப்பவனைத் தாண்டிப் போகிறார்கள், மனிதர்களா இவர்கள்" என்று செய்தி வரும்போதெல்லாம் எல்லோரும் எழுதுவோம். அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

8,000 மீட்டருக்கு மேல் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே உடம்பு எந்த நிலையிலும் தேறாது, நேரம் ஆக ஆகத் தேய்ந்துகொண்டுதான் போகும். மூளையில் நீர் கோத்தால் நல்ல ஏறுநர் கூட கையுறையைக் கழற்றி எறிவார், கயிற்றை அவிழ்ப்பார். சொந்தக் காலில் நடக்க முடியாத ஒருவரை அங்கிருந்து இறக்க ஆறு எட்டுப் பேர் வேண்டும், அவர்கள் எல்லோரும் தங்கள் ஆக்சிஜனையும் உயிரையும் பணயம் வைக்க வேண்டும். எல்லா நேரமும் அது முடியாது. இது உண்மை.

ஆனால் 2006இல் என்ன நடந்தது பாருங்கள். மே 15 அன்று வடக்குப் பக்கம் டேவிட் ஷார்ப் என்ற இங்கிலாந்துக்காரர் பாறை இடுக்கில் உறைந்துபோய் இறந்தார். கூட ஷெர்பா இல்லாமல் தனியாக வந்தவர். நாற்பது பேர் போல அவரைக் கடந்து போயிருந்தார்கள். அதைக் கேட்டு முதுமையில் இருந்த ஹிலாரி வெளிப்படையாகவே கொதித்தார். அதே மாதம் 26ஆம் தேதி, அதே முகட்டில், இறந்துவிட்டார் என்று முந்தைய நாள் விட்டுவந்த லிங்கன் ஹால் என்ற ஆஸ்திரேலியர் காலையில் உட்கார்ந்திருந்தார். டான் மஸூரும் அவருடன் வந்த மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். உச்சிக்கு இன்னும் சில மணி நேரம்தான், வானமும் தெளிவாக இருந்தது. நான்கு பேரும் ஏறுவதை விட்டுவிட்டு, மீட்பு ஆட்கள் வரும் வரை அவர் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர் பிழைத்தார். அந்த நால்வரும் அந்தமுறை உச்சியைப் பார்க்கவில்லை.

ஷார்ப்பின் நிலை ஹாலின் நிலையைவிட மோசமாக இருந்திருக்கலாம். நான் அங்கே இல்லை, தீர்ப்பு சொல்ல மாட்டேன். நான் சொல்ல வருவது, 40 லட்சம் கட்டி, ஊரெல்லாம் கைநீட்டி வாங்கி, பேனர் வைத்து அனுப்பிவைத்த ஒரு பையனுக்கு அந்த இடத்தில் திரும்பும் மனம் வருமா என்பதுதான். பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் அவன் முதுகில் இருக்கிறோம். சேகர் சார், எனக்கு இதுதான் பெரிய பயம்.

#6 கிள்ளான்_குமரன்

டாக்டர் சொன்னது எங்கள் நாட்டுக் கதையிலும் இருக்கிறது.

மலேசியர்களில் முதலில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர்கள் இரண்டு பேர், மகேந்திரனும் மோகனதாசும், 1997 மே 23. இரண்டு பேரும் தமிழர்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் எஸ்டேட்டில் டிவியில் காட்டும்போது பாட்டி எழுந்து நின்று கை தட்டினார்கள். அதனால் உங்கள் அக்கா மகனின் ஆசையை என்னால் லேசாக நினைக்க முடியாது.

ஆனால் 2023 மே மாதம் நடந்ததையும் சொல்கிறேன். கெல்ஜே ஷெர்பா என்ற வழிகாட்டி ஒரு சீன வாடிக்கையாளரை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். பால்கனி என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருக்கிறார், மலேசியர். கெல்ஜே தன் வாடிக்கையாளரிடம் பேசி, ஏற்றத்தைக் கைவிடச் சம்மதிக்க வைத்தார். அந்த மலேசியரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, முடிந்த இடத்தில் பனியில் இழுத்து, முடியாத இடத்தில் முதுகில் சுமந்து இறக்கினார். நிமா தாஷி ஷெர்பா என்பவரும் சேர்ந்துகொண்டார். தெற்குக் கணவாய் வரை 600 மீட்டர் இறங்கவே ஆறு மணி நேரம். பிறகு மூன்றாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது. மடத்தில் கும்பிடுவதைவிட ஒரு உயிரைக் காப்பாற்றுவது பெரிது என்று கெல்ஜே பிறகு சொன்னார்.

அந்தச் சீன வாடிக்கையாளரையும் நான் அடிக்கடி நினைப்பேன். கட்டிய பணம் போனது. அவர் சரி என்றார்.

#7 நெய்யூரான்

ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் செய்கிறேன். இதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எவரெஸ்டில் நடந்த முதல் சாவு எது தெரியுமா? 1922 ஜூன் 7. வெள்ளைக்காரர்களின் இரண்டாவது பயணம், மலையேறவே என்று போன முதல் பயணம் அதுதான். இரண்டு முறை முயன்று முடியாமல், புதுப்பனி விழுந்த பிறகு மூன்றாவது முறையாக ஜார்ஜ் மாலரி என்ற ஏறுநர் தலைமையில் வடக்குக் கணவாய்க்குக் கிளம்பினார்கள். பனி சரிந்தது. சுமை தூக்கி வந்த ஏழு பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாம்சே ஐயா சொன்ன 2014க்கும் இதற்கும் இடையில் 92 வருடம்.

அந்த மூன்றாவது முயற்சியில் இருந்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், அறுவை மருத்துவர். ஏழு நல்ல மனிதர்கள் எங்கள் தவறால் செத்தார்கள், எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்ற பொருளில் பின்னால் எழுதினார். பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தென் திருவிதாங்கூரில் எங்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகள் கூட்டம், போதிய மருத்துவர் இல்லை. லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். 1924இல் இங்கிருந்துதான் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார், ஆக்சிஜன் இல்லாமல் 8,500 மீட்டர் வரை. மாலரி கடைசியாக ஏறும்போது கையில் வைத்திருந்த கேமரா இவர் கொடுத்தது. திரும்பி நெய்யூருக்கு வந்து இருபது வருடத்துக்கும் மேல் கத்தி பிடித்தார், அப்புறம் வேலூர்.

என் அப்பாவின் தாத்தாவுக்கு வயிற்றுப்புண். மரச்சீனிக்கிழங்கு சாப்பிட்டே காலம் தள்ளிய எங்கள் பக்கத்தில் அந்த நோய் ரொம்ப அதிகம். சாமர்வெல் டாக்டர் வயிற்றைக் கிழித்துச் சரிசெய்தார் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஏழு பேரின் சாவுதான் அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டுதான் வந்தார்.

#8 சேகர்_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. நெய்யூர் ஐயா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

சரி, ஒரு கேள்வி. மூடுவதும் திறப்பதும் என் கையில் இல்லை. இரண்டு லட்சம் என் கையில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் பையனிடம் என்ன கேட்க வேண்டும்?

#9 நாம்சே_நாட்கள்

முதலில் அந்த நிறுவனத்திடம் அவன் என்ன கேட்டான் என்று கேளுங்கள். எத்தனை ஆக்சிஜன் சிலிண்டர், முகாமில் வைஃபை உண்டா என்று கேட்டிருப்பான். கூட ஏறும் ஷெர்பாவுக்கு எத்தனை சிலிண்டர் என்று கேட்டானா? அவருடைய காப்பீடு எவ்வளவு, அதைக் கூட்ட எவ்வளவு செலவாகும்? வாடிக்கையாளர் தன் செலவில் கூட்டலாம், தடை ஒன்றும் இல்லை. "இதற்கு மேல் வேண்டாம், இறங்கு" என்று அவர் சொன்னால் அதுவே கடைசி வார்த்தையா, இல்லை பணம் கட்டியவன் சொல்வது எடுபடுமா? இதை ஊரிலேயே பேசி முடிக்க வேண்டும், மேலே போய்ப் பேச மூச்சு இருக்காது.

அவர் போட்டிருக்கும் உடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். 2023 ஜூலையில் பாகிஸ்தானில் இருக்கும் கே2 மலையில் பாட்டில்நெக் என்ற இடத்தில் முகமது ஹசன் என்ற பாகிஸ்தானியச் சுமைதூக்கி விழுந்தார். 27 வயது, மூன்று குழந்தைகள். அந்த உயரத்துக்கு ஏற்ற உடுப்பும் பயிற்சியும் அவருக்கு இல்லை. உதவ முயன்றவர்களும் உண்டு, ஆனால் அன்று உச்சிக்குப் போனவர்கள் பலர் அவரைத் தாண்டித்தான் போனார்கள். டிரோன் படத்தில் அது பதிவானது. உலகம் முழுக்கச் சண்டை நடந்தது, யார் நின்றார் யார் நிற்கவில்லை என்று. அவரை அந்த உடுப்போடு அங்கே அனுப்பியது யார் என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது.

இன்னொன்று. சட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பரிலிருந்து 11,000 டாலர் இல்லை, 15,000 டாலர். அனுமதிகளுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2024இலேயே சொல்லிவிட்டது. நேபாளத்தில் ஒரு 7,000 மீட்டர் சிகரமாவது ஏறியவர்களுக்குத்தான் எவரெஸ்ட் என்று 2025இல் சட்ட வரைவும் வந்தது. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்கள் பையன் முதலில் அதைச் செய்வது நல்லது. 6,000க்கும் 8,848க்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது.

#10 தேன்மொழி

அடிவார முகாம் வரை 2022இல் நடந்தேன். எல்லோரும் குப்பையைப் பற்றித்தான் கேட்பார்கள். குப்பை இருக்கிறது. 2024இல் நேபாள ராணுவம் எவரெஸ்ட், லோட்சே, நுப்ட்சே மூன்றிலும் சேர்த்து 11 டன் இறக்கியது, கூடவே நான்கு உடல்களும் ஒரு எலும்புக்கூடும். ஒவ்வொருவரும் எட்டுக் கிலோ இறக்க வேண்டும் என்று 2014லேயே விதி வந்தது, இப்போது மலத்தைக் கூடப் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். ஆனால் மேல் முகாம்களில் கிடப்பதை இறக்குவதும் அதே ஷெர்பாக்கள்தான், அதையும் ஆபத்துக் கணக்கில் சேருங்கள்.

எனக்கு மறக்காதது துக்லா கணவாய். லொபுசேக்குப் போகும் வழியில், மூச்சு வாங்கி ஏறி முடிக்கும் இடத்தில் கல் அடுக்கிய நினைவுத் தூண்கள், பிரார்த்தனைக் கொடிகள். ராப் ஹாலுக்கோ ஃபிஷருக்கோ பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் ஷெர்பா பெயர்களைத் தேடி வாசித்துக்கொண்டே நின்றேன். டோக்கோ கூடையை நெற்றிப்பட்டையில் சுமந்து வந்த ஒரு பையன் சுமையை இறக்காமலே ஒரு தூணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். யார் என்று கேட்க எனக்கு நேபாளி தெரியாது.

ஒரு நல்ல செய்தி. ஐஸ்ஃபாலுக்கு மேலே ஏணியும் கயிறும் கொண்டுபோக 2025இல் டிரோன்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆட்கள் கடக்கும் தடவை குறையும்.

#11 பனிமுகடு

டிரோன் நல்லதுதான். அதே 2025இல்தான் இன்னொன்றும் நடந்தது. நான்கு பிரிட்டிஷ்காரர்கள் உயரத்துக்கு உடம்பு சீக்கிரம் பழகட்டும் என்று செனான் வாயுவை முன்கூட்டியே சுவாசித்துவிட்டு, லண்டனில் கிளம்பி ஒரு வாரத்துக்குள் உச்சியில் நின்றார்கள். அது ஊக்கமருந்தா இல்லையா என்றுதான் எல்லோரும் வாதாடினார்கள். அந்த ஒரு வாரத்துக்காகக் கயிறு கட்டி, முகாம் போட்டு, சிலிண்டர் ஏற்றி வைத்தவர்களுக்கு எத்தனை வாரம்? நாம்சே அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது.

மூட வேண்டும் என்று சொன்னதில் எனக்கு இப்போது பாதி உறுதிதான் இருக்கிறது. முதலில் அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் யாரும் எதையும் மூட வேண்டும்.

#12 சேகர்_ஈரோடு

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு வந்தான். இந்த இழையை அச்செடுத்து வைத்திருந்தேன், உட்கார்ந்து முழுதும் படித்தான். முதலில் கோபப்பட்டான். "மாமா, நீங்க தர்றதுக்கு மனசு இல்லேன்னா சொல்லிடுங்க" என்றான். என் அக்கா அழுதாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

புதன்கிழமை போன் வந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறான். ஷெர்பாவின் காப்பீடு சட்டம் சொல்லும் அளவு என்று பதில் வந்திருக்கிறது. கூட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறான், அதற்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த வருடம் வேண்டாம், முதலில் ஒரு 7,000 பார்க்கிறேன் என்கிறான். இரண்டு லட்சத்தை நான் தனியாக வைத்துவிட்டேன். அவன் போகும்போது அது காப்பீட்டுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றான். உச்சிக்குப் போகாமல் திரும்பி வந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்று அக்காவையும் சொல்லச் சொன்னேன்.

கூட ஏறப்போகிறவர் பெயர் என்ன, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் நிறுவனத்திடம் கேட்டானாம். ஏப்ரலில் அடிவார முகாமுக்கு வந்த பிறகுதான் யார் என்று முடிவாகும் என்றார்களாம். முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறதா, நாம்சே சார்?

#13 நாம்சே_நாட்கள்

இருக்கிறது. காட்மாண்டுவில் எனக்குத் தெரிந்த ஒரு சர்தார், அதாவது ஷெர்பா குழுத் தலைவர், இருக்கிறார், பதினான்கு முறை உச்சிக்குப் போனவர். அவர் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பையனையே பேசச் சொல்லுங்கள். ஹிந்தி நன்றாகப் பேசுவார்.